காலனிக்கும் அண்டை நாட்டுக்கும் சுங்க, வணிக உடன்பாடு: எதை முதலில் பேசுவது, எதைக் கடைசியில் பேசுவது

சொந்தமாகச் சுங்க வரிப் பட்டியல் இருக்கும், ஆனால் வெளியுறவு அதிகாரம் வேறொரு நாட்டின் கையில் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பகுதியின் சார்பில் அண்டை நாட்டோடு பேச உட்காரப்போகிறவர்களுக்கு எழுதியது இது. அந்தப் பகுதியைக் காலனி என்றே சொல்கிறேன். சட்டத்தில் தன்னாட்சிப் பிரதேசம், ஆட்சிப்பகுதி என்று வேறு பெயர் இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதல் அமர்விலேயே வரிப் பட்டியலை விரித்து, எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று பேரம் தொடங்கிவிடுகிறார்கள். இங்கே அது 7ஆம் படி. அதற்கு முன்னால் இருக்கும் ஆறும் முடியாமல் விகிதம் பேசினால், பேசிய விகிதத்தை இரண்டாம் முறையும் பேச வேண்டியிருக்கும். இரண்டாம் முறை எதிர்த்தரப்பு ஏமாறாது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காலனியின் நடப்பு வரிப் பட்டியல், அண்டை நாட்டின் வரிப் பட்டியல், இரண்டும் எச்.எஸ். குறியீட்டு எண்ணோடு (சரக்குகளை வகைப்படுத்த நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண் முறை அது). கடைசி மூன்று ஆண்டுகளின் இறக்குமதி, ஏற்றுமதிக் கணக்கு. காலனியின் வரவுசெலவுத் திட்டத்தில் சுங்கமும் கலாலும் தரும் பங்கு. ஆளும் நாடு கையெழுத்திட்டு, காலனிக்கும் பொருந்தும் என்று அறிவித்த வணிக ஒப்பந்தங்களின் நகல்கள்.

இரண்டு பட்டியல்களும் எச்.எஸ். குறியீட்டின் ஒரே பதிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2012, 2017, 2022 என்று அது திருத்தப்பட்டு வருகிறது. ஒருவர் 2017 பதிப்பிலும் மற்றவர் 2022 பதிப்பிலும் பேசினால், ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரு தரப்பும் இரண்டு பொருளைப் பேசிக்கொண்டிருக்கலாம். முதல் ஆறு இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் அவரவர் விருப்பம்.

## 1. கையெழுத்து யாருடையது என்று தீர்த்துக்கொள்ளுங்கள்

மூன்று வழிகள் உண்டு. ஆளும் நாடே கையெழுத்திடும், காலனி ஆலோசனை சொல்லும். அல்லது காலனியின் பிரதிநிதி ஆளும் நாடு தந்த முழு அதிகாரப் பத்திரத்தோடு கையெழுத்திடுவார். அல்லது சுங்க விஷயத்தில் மட்டும் காலனிக்கே அந்த அதிகாரம் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கும்.

1854இல் கனடிய மாகாணங்களுக்கும் அமெரிக்காவுக்குமான பரஸ்பர வணிக உடன்பாட்டில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டவர் தலைமை ஆளுநர் எல்ஜின் பிரபு, அமெரிக்கா சார்பில் வெளியுறவுச் செயலர் மார்சி. 1923இல் அதே அமெரிக்காவோடு ஹாலிபட் மீன்பிடி உடன்பாடு வந்தபோது கனடிய அமைச்சர் எர்னஸ்ட் லப்வாந்த் தனியாகவே கையெழுத்திட்டார். இடைப்பட்ட காலத்தில் மாறியது அதிகாரம்தான். உங்கள் காலனி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன்? அதிகாரம் இல்லாதவரோடு பேசுகிறோம் என்று தெரிந்தால் அண்டை நாடு நல்ல சலுகையை மேசையில் வைக்காது. ஆளும் நாடு பின்னால் வந்து கேட்கப்போகும் சலுகைக்காக அதைப் பத்திரமாக வைத்திருக்கும்.

அதோடு, ஆளும் நாட்டின் ஒப்புதல் எந்தக் கட்டத்தில் வேண்டும் என்றும் கேளுங்கள்: பேச்சைத் தொடங்கவா, வரைவுக்கா, கையெழுத்துக்கா? “கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் வந்தால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## 2. ஆளும் நாடு ஏற்கெனவே கொடுத்துவிட்ட வாக்குகளைத் தேடுங்கள்

காலனிக்குத் தெரியாமலேயே காலனியின் கை கட்டப்பட்டிருக்கலாம். 1862இல் பெல்ஜியத்தோடும் 1865இல் ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தோடும் பிரிட்டன் செய்த ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருந்தது. பிரிட்டிஷ் காலனிகளில் பிரிட்டிஷ் சரக்குக்கு விதிப்பதைவிட அதிக வரியை அந்த நாட்டுச் சரக்குக்கு விதிக்கக் கூடாது என்றது அது. 1897இல் கனடா தன் வரிப் பட்டியலில் சலுகை விகிதம் கொண்டுவந்தபோது அந்தப் பழைய ஷரத்துகள் குறுக்கே நின்றன. பிரிட்டன் அந்த இரண்டு ஒப்பந்தங்களையும் முடித்துக்கொள்வதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்று இந்த இடத்தில் இருப்பது காட் (GATT) எனப்படும் சுங்க வரி, வணிகப் பொது ஒப்பந்தத்தின் முதல் பிரிவு. ஒருவருக்குத் தரும் சுங்கச் சலுகையை எல்லா உறுப்பினருக்கும் தர வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் 24ஆம் பிரிவின் வழியாகப் போக வேண்டும். அதே பிரிவுதான் ‘தனிச் சுங்கப் பிரதேசம்’ என்பதையும் வரையறுக்கிறது. தன் வணிகத்தின் கணிசமான பகுதிக்குத் தனி வரியோ தனி வணிக விதியோ வைத்திருக்கும் பிரதேசம் அந்தத் தகுதிக்குள் வரும். ஹாங்காங் பிரிட்டன் கையில் இருந்தபோதே, 1986இல், 26ஆம் பிரிவின் வழியாகக் காட் அமைப்பில் தனி உறுப்பினர் ஆனது இந்தத் தகுதியால்தான்.

## 3. எல்லையில் உண்மையில் எது நகர்கிறது என்று பாருங்கள்

புள்ளிவிவரத்தை நம்பி மட்டும் போகாதீர்கள். அண்டை நாட்டின் ஏற்றுமதிக் கணக்கையும் காலனியின் இறக்குமதிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே சரக்கு, இரண்டு தொகை வரும். ஓரளவு வித்தியாசம் இயல்பு, ஏனென்றால் ஏற்றுமதியைக் கப்பலேற்றும் விலையிலும் இறக்குமதியைச் சரக்குக் கட்டணம், காப்பீடு சேர்த்தும் எழுதுவார்கள். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: அண்டை நாட்டுத் துறைமுகம் வழியாக வந்த மூன்றாம் நாட்டுச் சரக்கை அண்டை நாட்டுச் சரக்காக எழுதியிருக்கிறார்கள், அல்லது கடத்தல்.

முதல் காரணம் ஆபத்தானது. அண்டை நாட்டிலிருந்து ஏராளமாக வாங்குகிறோம் என்று நினைத்துச் சலுகையைத் தாராளமாகத் தருவீர்கள். அந்தச் சரக்கு உண்மையில் வேறெங்கோ உற்பத்தியானது.

ஆகவே சாவடிக்குப் போய் இறக்குமதிப் பத்திரங்களைப் புரட்டுங்கள். ‘அனுப்பிய நாடு’, ‘உற்பத்தியான நாடு’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லையோர மக்களின் தலைச்சுமை வணிகத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காட் 24ஆம் பிரிவின் 3ஆம் பத்தி, எல்லைப் போக்குவரத்துக்காக அண்டை நாடுகளுக்குத் தரும் சலுகையைத் தனி விலக்காகவே ஏற்கிறது. இதற்கு முழு உடன்பாடு தேவையே இல்லை. பிரெஞ்சுப் புதுச்சேரி இதற்கு நல்ல பாடம். அதன் கிராமங்கள் தென்னார்க்காடு மாவட்டக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. அப்படிப்பட்ட நிலத்தில் வேலி போட்டு வரி வாங்குவதைவிடச் சுங்க எல்லையையே எடுத்துவிடுவது எளிது. 1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் அதைத்தான் செய்தது. வரைபடத்தைப் பார்க்காமல் வடிவத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

## 4. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுங்க ஒன்றியம் என்றால் உள்ளே வரி இல்லை, வெளிநாட்டுச் சரக்குக்கு இருவருக்கும் ஒரே வரிப் பட்டியல். தடையற்ற வணிக உடன்பாடு என்றால் உள்ளே வரி இல்லை, வெளியே அவரவர் பட்டியல். மூன்றாவது வகை குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் விலக்கு தருவது. 1854 உடன்பாடு இந்த வகை. தானியம், மாவு, மீன், மரம், நிலக்கரி என்று இயற்கை விளைபொருள்களின் பட்டியல் ஒன்று போட்டு, அவற்றுக்கு மட்டும் வரி நீக்கினார்கள். இன்று இது கடினம். வணிகத்தில் ‘கணிசமாக எல்லாமே’ உள்ளடங்க வேண்டும் என்பது 24ஆம் பிரிவின் நிபந்தனை.

ஒன்றியத்தில் தோற்ற விதிச் சிக்கல், அதாவது சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானதாகக் கொள்வது என்ற சிக்கல், பெருமளவு ஒழிந்துவிடும், வருவாய்ப் பகிர்வுச் சிக்கல் முளைக்கும். தடையற்ற வணிக உடன்பாட்டில் நேர் எதிர். எந்தத் தலைவலியைத் தாங்கும் அளவுக்கு உங்கள் சுங்கத் துறையில் ஆள் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

என் கருத்து: காலனி சிறியது, அண்டை நாடு பெரியது என்றால், ஒன்றியத்தில் பொதுப் பட்டியலை எழுதப்போவது அண்டை நாடுதான். உடன்பாட்டில் ‘கலந்தாலோசித்து’ என்று எவ்வளவு அழகாக எழுதினாலும் இது மாறாது.

## 5. ஒன்றியம் என்றால், பணத்தைப் பிரிப்பதை இப்போதே பேசுங்கள்

துறைமுகம் அண்டை நாட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 மதிப்புள்ள சரக்கு அங்கே இறங்குகிறது, 10 சதவீதம் வரி, அதாவது 100, அந்நாட்டுக் கருவூலத்துக்குப் போகிறது. அங்கே ஒரு மொத்த வியாபாரி அதைப் பிரித்து, நாலில் ஒரு பங்கைக் காலனிக்கு அனுப்புகிறார். காலனிக்குச் சேர வேண்டியது 25. ஆனால் பெட்டி பிரிந்த பிறகு அந்தக் கால் பங்கை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? உள்ளே சாவடியே இல்லையே.

இதற்குச் சில தீர்வுகள் உண்டு. சரக்கு போய்ச் சேரும் இடத்தை ஆவணத்தால் பின்தொடரலாம். நியாயமானது, ஆனால் எடுத்த சாவடியைக் காகிதத்தில் திரும்பக் கட்ட வேண்டும். மக்கள்தொகை அல்லது நுகர்வை வைத்துச் சூத்திரம் போடலாம். எளிது, ஆனால் ஏழைக் காலனிக்குத் தலைக்கணக்கு இலாபம், நுகர்வுக் கணக்கு நட்டம், ஆகவே சண்டை. கடைசி வழி, நிலையான சதவீதம்.

நிலையான சதவீதம் எல்லாருக்கும் பிடிக்கும், ஏனென்றால் ஒருமுறை எழுதினால் வேலை முடிந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1910இன் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவை ஒட்டிய மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் பசுட்டோலாந்துக்கு 0.88575, பெச்சுவானாலாந்துக்கு 0.27622, ஸ்வாசிலாந்துக்கு 0.149 சதவீதம். மூன்று பகுதிக்கும் சேர்த்து 1.31. மீதி 98.69 தென்னாப்பிரிக்காவுக்கு. 1965இல் மூன்று பகுதிகளுக்குள் பங்கை மாற்றிப் போட்டார்கள், மொத்தம் 1.31 அப்படியே நின்றது. 1969இல் புது உடன்பாடு வந்த பிறகுதான் சூத்திரம் மாறியது. அப்போது, வரிப் பட்டியலை எழுதும் உரிமை தென்னாப்பிரிக்காவிடம் இருப்பதற்கு ஈடாக, மற்றவர்களின் பங்கை 1.42ஆல் பெருக்கினார்கள். ஐந்து தசம இடத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் மறுஆய்வுத் தேதி ஒன்றை வலுவாக எழுதிவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சதவீதம் போடுவதானால் மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒருமுறை மறுகணக்கு கட்டாயம் என்று எழுதுங்கள்.

அடுத்த தவறு, வருவாயே குறைந்தால் என்ன செய்வது என்று எழுதாமல் விடுவது. 1878 டிசம்பரில் பிரிட்டனும் போர்ச்சுகலும் செய்த ஒப்பந்தத்தால் கோவாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. 1882இல் பிரிட்டிஷ் இந்தியா பெரும்பாலான இறக்குமதி வரிகளை நீக்கிவிட்டது. பெரிய கூட்டாளி வரியை எடுத்துவிட்டால், அந்தப் பண்டங்களில் சின்னக் கூட்டாளி பங்கு கேட்க எதுவும் மிச்சமில்லை. இதற்குத்தான் குறைந்தபட்சத் தொகை ஒன்று வேண்டும்: பங்கு இவ்வளவுக்குக் கீழே போனால் பெரிய தரப்பு ஈடுகட்டும் என்று.

பணம் எந்த நாணயத்தில், எந்த மாதத்தில், எவர் தணிக்கைக்குப் பிறகு வரும் என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள். பின்னிணைப்புக்குத் தள்ளினால் அங்கேயே தூங்கும்.

## 6. தடையற்ற வணிகம் என்றால், தோற்ற விதி

இங்கேதான் புதியவர்கள் சலித்துப்போய் “வழக்கமான விதியைப் போட்டுவிடுங்கள்” என்கிறார்கள். வழக்கமான விதி என்று ஒன்று கிடையாது. ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்வோம்.

காலனியில் ஒரு தையற்சாலை. சட்டையின் ஏற்றுமதி விலை 100. அதில் மூன்றாம் நாட்டுத் துணி 58, இறக்குமதிப் பொத்தானும் நூலும் 7. உள்ளூர்ப் பங்கு 35. ‘உள்ளூர் மதிப்பு 40 சதவீதம்’ என்பது விதியானால் இந்தச் சட்டைக்குச் சலுகை இல்லை. ‘நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும்’ என்பது விதியானால் உண்டு. துணி 5208, பொத்தான் 9606, சட்டை 6205. ‘நூலிலிருந்தே இங்கே தொடங்க வேண்டும்’ என்றால் மறுபடியும் இல்லை. சட்டை ஒன்று, விதி மூன்று.

மதிப்புச் சதவீதத்துக்கு இன்னொரு குணம் உண்டு. துணி விலை 58இலிருந்து 50ஆக இறங்கி, சட்டை விலை மாறாமல் இருந்தால் உள்ளூர்ப் பங்கு 43 ஆகிவிடும். தையற்சாலை எதையும் மாற்றவில்லை, ஆனாலும் தகுதி வந்துவிட்டது. விலை ஏறினால் அதேபோலப் போய்விடும். எனவே சின்னக் காலனிகளுக்குத் தலைப்பு மாற்ற விதியை நான் பரிந்துரைக்கிறேன். சோதிப்பதும் எளிது, கணக்குப்பிள்ளை வேண்டாம்.

இதோடு மூன்று ஷரத்துகளைச் சேர்க்க மறக்காதீர்கள். அண்டை நாட்டுத் துணியைக் காலனித் துணியாகவே கணக்கிடும் ஷரத்து. விதிக்குப் பொருந்தாத சிறு பகுதியைப் பொறுத்துக்கொள்ளும் ஷரத்து. மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றி இறக்கினாலும், சுங்கக் கண்காணிப்பில் இருந்தால் தகுதி போகாது என்ற ஷரத்து. மூன்றாவது இல்லாமல் போனால் கடலோரம் இல்லாத காலனிக்கு உடன்பாடே வீண்.

## 7. இப்போது விகிதம்

முந்தைய படிகள் முடிந்திருந்தால் இது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடியும். பொருள்களை மூன்று கூடையாகப் பிரியுங்கள்: முதல் நாளே பூஜ்யம், சில ஆண்டுகளில் படிப்படியாகப் பூஜ்யம், விலக்கு. படிப்படியான குறைப்புக்குப் பத்தாண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் விசேஷக் காரணம் காட்ட வேண்டும் என்பது 24ஆம் பிரிவு பற்றிய 1994 புரிந்துணர்வின் கருத்து.

குறைப்பு எந்த விகிதத்திலிருந்து தொடங்குகிறது என்று தேதியோடு எழுதுங்கள். பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் வரியை ஏற்றிவைத்து, பிறகு ‘குறைத்துத் தருகிறோம்’ என்று சொல்வது பழைய வித்தை.

பட்டியலில் இல்லாத பொருள்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இன்றைய அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. 1854 உடன்பாடு இயற்கை விளைபொருள்களோடு நின்றது. 1859இல் கனடிய நிதியமைச்சர் கால்ட் ஆலைப் பொருள்கள் மீதான வரியை உயர்த்தினார். உடன்பாட்டின் எழுத்தை மீறவில்லை. ஆனால் அமெரிக்க உற்பத்தியாளர்களின் கோபத்தை அது கிளறிவிட்டது, உடன்பாட்டை முறிக்கச் சொன்னவர்களுக்கு நல்ல வாதமாகவும் கிடைத்தது.

## 8. கலால், தனியுரிமைப் பண்டங்கள்

சாராயம், புகையிலை, எரிபொருள், உப்பு. சுங்கம் போனாலும் இவற்றின் உள்நாட்டு வரி நிற்கும். இரு பக்கமும் அந்த வரி வெகுவாக வேறுபட்டால், திறந்த எல்லையில் கடத்தல் பெருகும். பிறகு பெரிய தரப்பு அதையே காரணம் காட்டி எல்லையை மூடும்.

உப்பில் பிரிட்டிஷ் தரப்பு கேட்டது இதுதான்: உற்பத்தியை நிறுத்துங்கள் அல்லது எங்கள் கையில் விடுங்கள், ஆண்டுதோறும் பணம் தருகிறோம். 1818இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுக்கு 4,000 பகோடாவுக்கு (அக்காலத் தென்னிந்தியப் பொன் நாணயம்) இசைந்தார்கள். 1878 ஒப்பந்தத்தில் போர்ச்சுகலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். அரசுக்கு இது வருவாய்தான். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருவது கருவூலத்துக்கு, வேலை போவது உப்பளத் தொழிலாளிக்கு. இப்படியொரு ஏற்பாட்டுக்கு இசைந்தால், தொகையில் எத்தனை பங்கு வேலை இழப்பவர்களுக்கு என்று உள்நாட்டுச் சட்டத்தில் முன்னதாகவே எழுதுங்கள்.

## 9. சாவடி நடைமுறை

இதை எழுதும்போது சாவடியில் வேலை பார்க்கும் அதிகாரி ஒருவர் அறையில் இருக்கட்டும். எந்தப் பத்திரம், எத்தனை நகல், சான்றிதழ் யார் தருவது, ஏற்றுமதியாளரே உறுதிமொழி எழுதித் தரலாமா, சந்தேகம் வந்தால் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு சரக்கை விடலாமா. கடைசிக் கேள்வி அழுகும் சரக்குக்கு உயிர்ப்பிரச்சினை. சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் மீன் நாறிவிடும்.

காலனியைக் கடந்து மூன்றாம் நாட்டுக்குப் போகும் சரக்குக்கு, முத்திரையிட்ட வண்டி, பாண்ட் (வரிக்கு ஈடாகத் தரும் பிணைப் பத்திரம்) என்று தனிப் பத்தி வேண்டும்.

## 10. கூட்டுக்குழு

இரு தரப்புச் சுங்கத் தலைவர்களும் குறிப்பிட்ட இடைவெளியில் கூட வேண்டும், முடியாததை நடுவருக்கு அனுப்ப வேண்டும். குழுவில் காலனியின் ஆள் தன் பெயரில் உட்கார வேண்டும். ஆளும் நாட்டுத் தூதரக அதிகாரி அவருக்குப் பதில் உட்காரும் ஏற்பாட்டுக்கு இசையாதீர்கள். அவருக்கு ஆயிரம் வேலை, அதில் உங்கள் சட்டை கடைசி.

## 11. சட்டமன்றங்களும் அமல் தேதியும்

யார் யார் சட்டம் இயற்ற வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 1854 உடன்பாடு 1854 ஜூன் 5இல் கையெழுத்தானது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும், அமெரிக்கக் காங்கிரஸும், ஒவ்வொரு மாகாணச் சட்டமன்றமும் சட்டம் நிறைவேற்றிய பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே இருந்தது. அமலாக மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. ஒரு சட்டமன்றம் தாமதித்தால் மற்றவர்களுக்கு மட்டும் தொடங்குமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அமல் தேதியை நிதியாண்டின் முதல் நாளில் வையுங்கள். வருவாய்க் கணக்கைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

## 12. முடியும் நாளை எழுதுங்கள்

இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறார்கள். 1854 உடன்பாட்டுக்குப் பத்தாண்டு, பிறகு ஓராண்டு முன்னறிவிப்பு என்று கணக்கு. 1865இல் அமெரிக்கா அறிவித்தது, 1866 மார்ச் 17இல் முடிந்தது. கோவா ஒன்றியம் 1892இல் காலாவதியானது. புதுச்சேரி ஒன்றியம் 1949 மார்ச் இறுதியில் முடிந்து, ஏப்ரல் 1 முதல் பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி இந்தியா சுங்க எல்லை போட்டது.

காலனிக்கு இங்கே ஒரு கூடுதல் கேள்வி உண்டு. அது விடுதலை பெற்றாலோ ஆளும் நாடு மாறினாலோ உடன்பாடு தொடருமா? ‘நிலை மாறினால் ஆறு மாதத்துக்கு அப்படியே நடக்கும், அதற்குள் இரு தரப்பும் கூடிப் பேசும்’ என்று எழுதினால் போதும். மௌனமாக விட்டால் பெரிய தரப்பு தனக்கு வசதியான விளக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

முன்னறிவிப்பு ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ஒரு சாகுபடியும் ஒரு விற்பனையும் முடிய அத்தனை காலம் வேண்டும். அதோடு, முடியும் நாளன்று வழியில் இருக்கும் சரக்குக்கும், வரி கட்டும்வரை பாண்ட் கிடங்கில் கிடக்கும் சரக்குக்கும், வர வேண்டிய கடைசிக் காலாண்டுப் பங்குக்கும் பழைய விதியே பொருந்தும் என்று மூன்று தனி வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் அடக்கினால் கிடங்குச் சரக்கு அதில் உண்டா இல்லையா என்று வழக்கு வரும்.